லிட்டருக்கு நாற்பது மில்லி

புனேயில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று 2007ஆம் ஆண்டுப் பேரணிக்காக ஒரு மலர் போட்டது. அதன் பதினான்காம் பக்கத்தில், ஆங்கிலத்தில், இப்படி இருக்கிறது:

“திரு. ஜெபகுமார், கட்கி. பிறவியிலேயே இயந்திரப் பித்தர். வேகத்தின் காதலர். முந்தைய உரிமையாளரின் மறதியால் ஆயில் இல்லாமல் ஓடிச் சிதைந்துபோன 1969ஆம் ஆண்டு ஜாவா 250 வண்டியைத் தம் கையாலேயே உயிர்ப்பித்தவர். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் கலப்பதில் இந்த நகரத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை.”

பெயரும் ஊரும் சரி. ஆயில் கலப்பதில் மிஞ்ச ஆளில்லை என்பதும் ஒரு வகையில் சரிதான். மற்றவற்றைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வேகம். ஜெபகுமார் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. ஹோல்கர் பாலத்தில் காய்கறி ஏற்றிய சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. கிக்கரை மிதிக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வார். சங்கத்து இளைஞர்கள் அது ஏதோ தியானம் என்று நினைத்தார்கள். அவருக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. புகை ஒத்துக்கொள்ளாது. முதுகு வலி வேறு. ஒரு மனிதர் தனக்குப் பிடிக்காத ஒரு பொருளைப் பத்து வருடமாகக் குழந்தையைப் போலப் பராமரித்தால் உலகம் அதைக் காதல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உலகத்தைக் குறை சொல்ல முடியாது. மனம் உறுத்துகிறவன் துடைப்பதும் மயங்கிப்போனவன் துடைப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் புனேயின் கட்கிக்கு வந்தவர் ஜெபகுமார். அங்கே ஒரு தொழிற்சாலையின் டிரான்ஸ்போர்ட் பிரிவில் குமாஸ்தா. லாரிகளின் வரவையும் போக்கையும் எழுதுவது வேலை. லாரியில் ஏறுவது வேலை இல்லை. நாற்பது வயதுவரை அவர் ஓட்டியது சைக்கிள் மட்டும்தான். மனைவி ஜான்சி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் சொல்வதில் பிழை திருத்துவது அவருக்கு வீட்டிலும் தொடர்ந்த வேலை.

அடுத்த வீட்டில் வால்டரும் மில்ட்ரெட்டும் இருந்தார்கள். வால்டர் அரக்கோணத்தில் பிறந்து, ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்து, புனேயில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியர். எல்லாரையும் ‘மேன்’ என்றுதான் கூப்பிடுவார், மனைவியையும் சேர்த்து. ஜாவா அவருடையது. கருஞ்சிவப்பு டேங்க், பக்கவாட்டில் குரோமியப் பட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்ட்ரெட்டைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். அங்கே ஆர்கன் வாசிப்பவரும் அவரே. கிளம்புவதற்கு முன் ஒரு டின்னில் பெட்ரோலையும் ஆயிலையும் கலந்து, குலுக்கி, டேங்கில் ஊற்றுவார். யாராவது நின்று பார்த்தால் விளக்கமும் உண்டு.

“இது லாரி இல்ல, மேன். இதுக்கு ஆயில் தனியாப் போவாது. பெட்ரோலோட கலந்துதான் குடிக்கும். லிட்டருக்கு நாப்பது மில்லி. மறந்தா என்ஜின் செத்துடும்.”

சுவருக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டே ஜெபகுமார் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பார். நூறு தடவை கேட்ட பிரசங்கம் எவ்வளவு மனதில் நிற்குமோ அவ்வளவு நின்றது.

1996 அக்டோபரில் வால்டருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தது. இரண்டு மாதத்துக்குக் கிக்கரை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓய்வுக்காக இருவரும், ஊரின் இன்னொரு பக்கம் நிக்டியில் இருந்த மில்ட்ரெட்டின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். போகும்போது சாவியை ஜெபகுமாரிடம் கொடுத்தார் வால்டர்.

“வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு நிமிஷம் ஓடட்டும். நின்ன எடத்துலயே. கேட்டுக்கு வெளிய போவக் கூடாது. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ், அங்கிள்.”

மூன்று வாரம் ஜெபகுமார் வாக்கைக் காப்பாற்றினார். நான்காவது சனிக்கிழமை மதியம் ஜான்சி சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். வண்டி ஷெட்டில் டுபுக் டுபுக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. இதற்கு மேல் காரணம் கேட்டால் அவரிடம் இல்லை. நாற்பது வயது வரைக்கும் சைக்கிளைத் தவிர எதிலும் தானாகப் போகாத ஒருவருக்கு, காலுக்கு நடுவே ஒரு என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது ஒரு காரணம் என்றால், அதுதான்.

ஹோல்கர் பாலம் தாண்டி, விஷ்ராந்த்வாடி வரை சுகமாகப் போனார். அங்கே வண்டி இருமி நின்றது. டேங்க் காலி. தள்ளிக்கொண்டே போய் ஆளந்தி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஐந்து லிட்டர் போடச் சொன்னார். போட்டு முடித்ததும் பங்க்காரர் பக்கத்திலிருந்த சின்னத் தகர அளவையைக் கையில் எடுத்துக்கொண்டு மராத்தியில் கேட்டார்:

“தேல் டாக்கூ?”

மராத்தியில் தேல் என்றால் எண்ணெய். ஆயில் ஊற்றட்டுமா என்பது கேள்வி. ஆனால் ஜெபகுமாரின் டிரான்ஸ்போர்ட் பிரிவில் லாரி டிரைவர்கள் டீசலைத்தான் தேல் என்பார்கள். பெட்ரோலும் தேல். “தேல் டாலா க்யா?” என்றால் டேங்க் நிரம்பியதா என்று அர்த்தம். இருபது வருடமாக அவர் காதில் விழுந்த அர்த்தம் அது. ஐந்து லிட்டரைக் கண் முன்னால் போட்டுவிட்டு, போடட்டுமா என்று கேட்கிறானே இந்த மனுஷன் என்று அவருக்குத் தோன்றியது. தனக்குத் தெரிந்த சுத்தமான மராத்தியில் பதில் சொன்னார்:

“ஜாலா, ஜாலா.”

ஆயிற்று, ஆயிற்று. பங்க்காரர், ஆயிலை வீட்டிலேயே ஊற்றிவிட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அளவையைத் திரும்ப வைத்துவிட்டார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். இரண்டு பேரும் பேசியது ஒரே மொழி. அதற்குப் பிறகு நடந்ததற்கு மொழியைக் குற்றம் சொல்லலாம். ஜெபகுமாரும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார்.

ஆயில் இல்லாத பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் வண்டி முதலில் நன்றாகத்தான் ஓடும். இதுதான் அதன் வஞ்சகம். போகப் போகப் பின்னால் புகை குறைந்து, பிறகு இல்லாமலே போனது. வால்டர் ஓட்டினால் தெருவே புகையாகும். தன் கையில் வண்டி புகையில்லாமல் ஓடுவதைப் பார்த்து ஜெபகுமாருக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. கிழவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். அறுபதைத் தொட்டார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

திகி தாண்டியதும் பின்சக்கரம் பூட்டியதுபோல நின்றது. தார் ரோட்டில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு வண்டி ஓரத்துக்கு இழுத்துப் போனது. விழவில்லை. கிக்கர் அசையவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு வந்து மிதித்தார், கிக்கர் இறங்கியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். வண்டி, அம்மியில் கல்லை அரைப்பதுபோல ஒரு சத்தத்தோடு ஸ்டார்ட் ஆனது. ஸ்தோத்திரம் சொன்ன பிறகு சத்தத்தைச் சந்தேகப்படுவது சரியில்லை என்று பட்டதால் வீட்டைப் பார்த்துத் திருப்பினார். அரை கிலோமீட்டர் போனது. உள்ளே ஏதோ நொறுங்கியது. இந்தத் தடவை டீ எதுவும் உதவவில்லை.

ஏழு கிலோமீட்டருக்கு மேல் தள்ளினார். விஷ்ராந்த்வாடி முனையில் ஓர் ஆட்டோக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து ஆட்டோக்களும் டூ-ஸ்ட்ரோக்தான். ஆயில் இல்லாமல் என்ஜின் இறுகி ‘சீஸ்’ ஆவதைப் பலமுறை பார்த்தவர் என்பதால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சீஸ் ஹோ கயா? தேல் நஹீ டாலா க்யா?”

ஜெபகுமாருக்குக் கோபம் வந்தது. “டாலா! பாஞ்ச் லிட்டர்!” என்றார்.

“பாஞ்ச் லிட்டர் தேல்?” ஆட்டோக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். “பாய்சாப், பகோடா தலனே கா ஹை க்யா?” ஐந்து லிட்டர் எண்ணெய் எதற்கு, பகோடா பொரிக்கவா?

அங்கே நின்றபடிதான் ஜெபகுமாருக்கு அந்தத் தகர அளவை ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நூறு தடவை கேட்டதும் ஞாபகம் வந்தது.

ஜான்சி வீடு திரும்பியபோது அவர் ஷெட்டில் வண்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன, சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கிய? மழை பெய்யலையே.”

அவர் ஒன்று விடாமல் சொன்னார். மனைவியிடம் மறைக்க அவருக்கு எந்த நாளும் தெரியாது. ஜான்சி கைப்பையை இறக்காமலே கேட்டு முடித்தார்.

“நாளைக்கே நிக்டிக்குப் போயி அவருகிட்ட சொல்லிருங்க.”

“ஆப்பரேஷன் பண்ணிக் கெடக்காரு. இப்பமா சொல்லுதது? தையல் பிரிஞ்சிராதா?”

“உண்மையக் கேட்டா தையல் பிரியும்னு எந்த டாக்டர் சொன்னாரு?”

“டிசம்பர்ல வருவாரு. வந்ததும் சொல்லுதேன்.”

டிசம்பரில் வால்டர் வந்தார். வந்ததும் ஷெட்டுக்குத்தான் போனார். ஜெபகுமார் பின்னாலேயே போனார், சொல்லத் தயாராக. வால்டர் கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். பாறை. டேங்க் மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்து, மோந்து பார்த்தார். விரலைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

“நீ என்ன பண்ணே, மேன்? ஓட்டினியா?”

கேள்வி நேராக வந்தது. ஜெபகுமார் வீட்டிலிருந்து தயாரித்து வந்த பதில் நேர்க்கேள்விக்கானது அல்ல. தானாக முன்வந்து சொல்வதற்கானது. வாய் தானாகச் சொன்னது:

“நின்ன எடத்துலயேதான், அங்கிள். நீங்க சொன்ன மாதிரி.”

வால்டர் தலையாட்டினார். “நின்ன எடத்துல இப்படிச் சீஸ் ஆவாது.” யோசித்தார். “போறதுக்கு மொத ஞாயித்துக்கெழம தேஹூ ரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன். அப்பவே உள்ள போயிருக்கு. ஆயில் போடல. நான்தான். நான்தான் மறந்திருக்கேன்.” டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். “இவ்வளவு பெட்ரோல் எப்ப போட்டேன்? அதுவும் ஞாபகம் இல்லியே, மேன்.”

ஜெபகுமாரின் வாய் திறந்துதான் இருந்தது. பழியை ஒருவர் தானாகவே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளும்போது அதைப் பிடுங்குவதற்கு ஒரு வேகம் வேண்டும். அது அவரிடம் இல்லை. வால்டர் அவர் தோளில் தட்டி, “உன் மேல தப்பு இல்ல. நீ சொன்னபடி செஞ்சே,” என்று ஆறுதல் வேறு சொன்னார். ஆறுதலைப் பெற்றுக்கொண்டு ஜெபகுமார் வீட்டுக்கு வந்தார்.

இத்தோடு ஒரு வண்டியின் கதையாக முடிந்திருந்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வால்டர் முப்பது வருடமாக எதையும் மறக்காதவர் என்பதுதான் சங்கடம். மறந்து பழக்கப்பட்டவர்கள் ஒன்றை மறந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். வால்டருக்கு அது ஒரு செய்தியாகத் தெரிந்தது. ஆயிலை மறந்தவன் நாளை எதை மறப்பான்? கேஸை மூடினேனா என்று மில்ட்ரெட்டைக் கேட்க ஆரம்பித்தார். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்தார். ஈஸ்டர் பண்டிகைக்கு முன் ஆர்கனை விட்டார். “ஆயில மறக்கறவன் நடுவுல ஒரு சரணத்த மறந்தா சபையே நின்னுடும், மேன்,” என்று பாதிரியாரிடம் சொன்னார். அவர் மறந்ததே இல்லை. மறந்துவிடுவேன் என்பதை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. கொஞ்ச நாளில் மில்ட்ரெட்டும் கேட்கப் பழகினார். “வால்டர், டேப்?” “வால்டர், மாத்திரை?” கேட்கக் கேட்க அவருக்கும் தடுமாற்றம் வந்தது. 2000க்குப் பிறகு நிஜமாகவே சில பெயர்கள் தப்ப ஆரம்பித்தன. வயதினாலா, நம்பிக்கையினாலா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. ஜெபகுமாருக்குப் பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆர்கனை விட்ட வாரத்திலேயே வண்டியையும் விட்டார் வால்டர். சாவியைக் கொண்டுவந்து ஜெபகுமாரின் கையில் வைத்தார்.

“நீயே வச்சுக்கோ. என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. உன் கை சொன்னதச் செய்யற கை.”

“வேணாம் அங்கிள்.”

“பார்த்தியா, அதான் உனக்குக் கொடுக்கறேன். வேணும்னு கேட்டவன் அஞ்சு பேரு.”

மறுத்தது அடக்கமாகிவிட்டது. அதன் பிறகு அவர் அந்த வண்டியைச் சரிசெய்யாமல் இருக்க வழியில்லை. சிலிண்டரைக் கழற்றக் கற்றுக்கொண்டார். உள்ளே பிஸ்டன் அலுமினியக் குழம்பாகி ஒட்டிக்கிடந்தது. போசரியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டார். நானா பேட்டில் பழைய சாமான் கடைகளில் ஒரு கார்புரேட்டருக்காக எட்டு மாதம் அலைந்தார். சைலன்சருக்குள் படிந்த கரியைக் காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைத்தார். சங்கத்து மலர் சொல்லும் ‘தம் கையாலேயே’ என்பது பாதிக்கு மேல் உண்மை. கை முழுக்கப் புண் இருந்தது.

கொடியில் காயும் துணியிலெல்லாம் பெட்ரோல் வாடை வந்தபோது ஜான்சி ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

“குரோமியத்த எத்தன தடவ தேய்க்கிய?”

“துரு ஏறிரும்லா.”

“நீங்க தேய்க்கதுக்குத் துரு அங்க இல்ல. அடுத்த வீட்டுக்குப் போறதுக்குப் பத்தடி. அத விட்டுட்டு நானா பேட்டுக்குப் போறியளே.”

“வண்டி சரியாவட்டும். சரியான வண்டியோட போயிச் சொன்னா…”

“சரியானா சொல்லுவிய. சொல்லுங்க, சொல்லுங்க.”

2001இல் வண்டி ஓடியது. வால்டரை உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போனார். வால்டர் இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் கொன்னத நீ எழுப்பிட்டே, மேன்,” என்றார். அதற்கு மேல் அன்று எதையும் சொல்ல முடியாது என்று ஜெபகுமார் முடிவு செய்தார். இப்படி எல்லா நாளும் ஏதோ ஒரு காரணத்தால் சொல்லக்கூடாத நாளாகவே அமைந்தது.

புகழ் வந்தது ஆயிலால். எந்தப் பெட்ரோல் பங்கிலும் யாரையும் அவர் ஆயில் ஊற்ற விடமாட்டார். டின்னில் பெட்ரோல் வாங்கி, இருமல் மருந்து அளக்கும் சின்ன மூடியால் நாற்பது நாற்பதாக அளந்து, மூன்று தடவை குலுக்கி, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, பிறகுதான் டேங்கில் ஊற்றுவார். 2003இல் ஔந்த் பக்கம் ஒரு பங்கில் இதை ஷிபின் பார்த்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மலையாளி இளைஞர். பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தை ஆரம்பித்தவர். ஒரு பூசாரியைக் கண்டுபிடித்ததுபோல ஜெபகுமாரைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே எழுப்பி நிறுத்திப் பேசச் சொன்னார்கள். ஜெபகுமார் ஒரே வாக்கியம் பேசினார்: “ஊத்தினோமான்னு சந்தேகம் வந்தா, ஊத்தலன்னுதான் வச்சுக்கணும்.” எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அடுத்த வருடம் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

மலருக்காக ஷிபின் அவரிடம் பேட்டி எடுத்தார்.

“அங்கிள், வண்டி எப்படிக் கெட்டது?”

“ஆயில் இல்லாம ஓடிச் சீஸ் ஆயிருச்சு.”

“அப்ப யாருட வண்டி?”

“வால்டர் அங்கிளோட வண்டி.”

இரண்டும் சத்தியம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டும் ஷிபினின் வேலை. அச்சாகி வந்ததும் ஜெபகுமார் ‘மறதி’ என்ற அந்தச் சொல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொல்லாமல் விட்டிருந்த பொய் இப்போது நானூறு பிரதி ஆகியிருந்தது. அதோடு, பேரணிக்கு வால்டரைக் கௌரவ விருந்தாளியாக அழைத்து, ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பியும் விட்டார்களாம்.

“இன்னைக்குச் சொல்லாட்டி இனிமே சொல்லவே மாட்டிய,” என்றார் ஜான்சி. இந்தத் தடவை கேலி இல்லை.

ஜெபகுமார் பத்தடி நடந்து போனார்.

வால்டர் நாற்காலியில் மலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயது. “வா மேன், வா! என்னையும் போட்டிருக்கான், பார்த்தியா? பேரு போடல. மறதின்னு போட்டிருக்கான். பேரு போட்டிருந்தா அரக்கோணத்துக்கு ஒண்ணு அனுப்பலாம்.”

உள்ளேயிருந்து மில்ட்ரெட்டின் குரல் வந்தது. “வால்டர், கண்ணாடி எங்க வெச்சே?”

“மூக்கு மேல இருக்கு, மேன்!”

ஜெபகுமார் உட்காரவில்லை. “அங்கிள், அது நீங்க இல்ல. நான்.”

“எது நீ?”

“ஆயில் இல்லாம ஓட்டினது. நீங்க நிக்டியில இருந்தப்ப நான் வெளிய எடுத்துட்டுப் போனேன். பெட்ரோல் தீந்து போச்சு. நான்தான் அஞ்சு லிட்டர் போட்டேன்.” பிறகு நிறுத்த முடியவில்லை. பங்க்காரர் கேட்டது, ‘ஜாலா, ஜாலா’ என்று தான் சொன்னது, புகை நின்றது, இரண்டு டீ, ஆட்டோக்காரரின் பகோடா, எல்லாவற்றையும் சொன்னார்.

ஜாலா வரைக்கும் வால்டர் முகம் அசையாமல் கேட்டார். பகோடா வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பழைய தையல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மில்ட்ரெட்! இங்க வா, மேன்! ஜெபா சொல்றதக் கேளு. டிரான்ஸ்போர்ட் செக்ஷன்ல இத்தன வருஷம் இருந்தவனுக்குத் தேல்னா என்னன்னு தெரியாதாம்! ஊருக்கே ஆயில் கலக்கச் சொல்லித் தர்ற ஆளு!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “புஸ்தகத்துல என்னப் பத்திப் போட்டுட்டான்னு உனக்கு மனசு கஷ்டம். அதுக்கு ஒரு கத கட்டிக்கிட்டு வந்திருக்கே. ஜென்டில்மேன், மேன் நீ.”

“கத இல்ல, அங்கிள்.”

சிரிப்பு நின்றது. மில்ட்ரெட் டீத் தட்டோடு கதவருகே வந்து நின்றிருந்தார். அவர் சிரிக்கவே இல்லை. முதல் வாக்கியத்திலேயே அவர் நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

வால்டர் எட்டி ஜெபகுமாரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இங்க பாரு. பதினோரு வருஷமா இந்தச் சேர்ல இருக்கேன். வண்டிய விட்டேன். ஆர்கன விட்டேன். தெரு முனைக்குத் தனியாப் போவல. எல்லாம் எதுக்கு? ஒரு நாள் ஆயில மறந்தேன்னு. நீ சொல்றது நிஜம்னா, இதெல்லாம் எதுக்கு, மேன்?” பிடியை விடவில்லை. “இப்ப சொல்லு. நிஜமா, எனக்காகச் சொன்னியா? நீ எதச் சொன்னாலும் நம்பறேன்.”

கேள்வி மறுபடியும் நேராக வந்தது. ஜெபகுமார் மில்ட்ரெட்டைப் பார்த்தார். மில்ட்ரெட் தட்டைப் பார்த்தார்.

ஜெபகுமார் சிரித்தார். “உங்களுக்காகத்தான், அங்கிள்.”

“எனக்குத் தெரியும், மேன்,” என்று வால்டர் கையை விட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா என்று பார்க்க ஜெபகுமார் நிமிரவில்லை. மில்ட்ரெட் டீயை ஜெபகுமாரின் கையில் கொடுக்காமல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெபகுமார் செய்தது கருணைதான் என்று வாதாட இடமிருக்கிறது. அவர் தரப்பில் அப்படி யார் வாதாடினாலும் அவர் எழுந்து போய்விடுவார்.

வீட்டில் ஜான்சி கேட்டார்: “சொல்லிட்டியளா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு.”

ஜான்சி அவரையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் பார்க்கும்போது, விடை சரியாக இருந்தும் பையன் காப்பியடித்தது தெரிந்துவிடுமே, அந்தப் பார்வை. பிழை திருத்த ஒன்றுமில்லை என்பதால் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பேரணி நடந்தது. ஷிபின் பதினான்காம் பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார், ஒரு வரி விடாமல். முதல் வரிசையில் வால்டர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கைதட்டினார். ஜெபகுமார் மேடையில் ஏறிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.